'எஸ்டீம்டு' போடும்போது இடறும் இடங்கள்

வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் நம்மில் பலருக்குக் கை தானாகவே 'யுவர் எஸ்டீம்டு ஆர்கனைசேஷன்' என்று எழுதிவிடும். இதில் 'எஸ்டீம்டு' (esteemed) என்றால் 'மதிப்பிற்குரிய'. அவ்வளவுதான், ஆனால் இதை வைத்து நடக்கிற கூத்து கொஞ்சமில்லை.

திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்த ஒரு கடிதத்தில் 'யுவர் எஸ்டிமேட்டட் கம்பெனி' என்று இருந்தது, அதாவது குத்துமதிப்பாகக் கணக்குப் போட்ட கம்பெனி! சிரித்துவிட்டேன், ஆனால் அந்தப் பையன் முழுக்கத் தப்பும் இல்லை, ஏனென்றால் இரண்டு சொல்லும் 'ஈஸ்டிமாரே' என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை, அதற்கு விலை மதிப்பது என்று பொருள். எஸ்டீம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழிலும் இதே கதைதானே, மதிப்பீடு என்றால் கணக்கு, மதிப்பிற்குரிய என்றால் மரியாதை. இதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

அடுத்தது எழுத்துப்பிழை. ஸ்கூலை இஸ்கூல் என்கிற நாக்கு நமக்கு, அதனால் 'ஸ்டீம்டு'க்கும் 'எஸ்டீம்டு'க்கும் காதில் பெரிய வித்தியாசம் தெரியாது. காதில் விழுந்தபடி 'ஸ்டீம்டு' (steamed) என்று எழுதிவிட்டால் 'ஆவியில் வெந்த நிறுவனம்' ஆகிவிடும். இட்லிக்குச் சரி. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் ஸ்பெல்செக் சிவப்புக்கோடு போடாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தன்னைப் பற்றி எழுதும்போது இது வேண்டவே வேண்டாம். 'நான் ஓர் எஸ்டீம்டு இன்ஜினியர்' என்பது தன் பெயருக்கு முன்னால் தானே 'மாண்புமிகு' போட்டுக்கொள்வது மாதிரி. விலை அதிகமான பொருளுக்கும் ஒட்டாது. லேப்டாப் எவ்வளவு விலையானாலும் எஸ்டீம்டு ஆகாது, பேராசிரியர் ஆகலாம், ஆய்விதழ் ஆகலாம், விருதும் ஆகலாம். அழுத்தம் வேண்டுமென்றால் முன்னால் 'ஹைலி' போடுங்கள், 'வெரி' உறுத்தும்.

அப்புறம், ஒரே கடிதத்தில் நாலு தடவை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வியாபாரிகள் 'உங்கள் எஸ்டீம்டு ஃபேவர் கிடைத்தது' என்று எழுதுவார்கள், ஃபேவர் என்றால் அங்கே கடிதம். அந்தப் பாணியை அவர்களே கைவிட்டாயிற்று, நாம்தான் இன்னும் விடவில்லை. கம்பெனியின் பெயரையே எழுதுங்கள், அவர்களுக்கென்றே எழுதிய கடிதம் என்பதாவது தெரியும். ஏடிஎம்மில் பணம் வராமலேயே கணக்கில் கழிந்துவிட்டது என்று புகார் எழுதும்போதும் 'யுவர் எஸ்டீம்டு பேங்க்' என்று தொடங்கினால், படிக்கிறவர் அதைக் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொள்வார்.