அழகுச் சீரமைப்பு அறுவைக்குப் பின் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வீங்கினால்: வீட்டிலிருந்தே கவனிக்கும் முறை

வயிறு, இடுப்பு, தொடை போன்ற இடங்களில் சேர்ந்த கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்சனையோ, தொய்ந்துபோன வயிற்றுத் தோலை அகற்றி இறுக்கும் டம்மி டக்கையோ செய்துகொண்டவர்களைப் பெரிதும் கலங்கவைப்பது வலியைவிட வீக்கம்தான். இரு பக்கமும் ஒரே அளவில் வீங்கும்போது பொறுத்துக்கொள்பவர்கள்கூட, இடது இடுப்பு உப்பியும் வலது இடுப்பு வடிந்தும் தெரிகிற நாளில், அறுவை தவறாகிவிட்டதோ என்று அஞ்சத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அந்த அச்சத்துக்குத் தேவை இருப்பதில்லை. ஆனால் சில வேளைகளில் ஒருபக்க வீக்கம் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்தின் முதல் அடையாளமாகவும் இருக்கிறது. முதன்முறையாக அறுவை செய்துகொண்ட ஒருவர் இந்த இரண்டையும் எவ்வாறு பிரித்தறியலாம் என்பதைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன். உங்களுக்கு அறுவை செய்த மருத்துவரின் அறிவுரை இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள். உங்கள் உடலுக்குள் என்ன செய்யப்பட்டது என்பதை நேரில் அறிந்தவர் அவர்.

படி 1: காத்திருக்கக் கூடாத வீக்கத்தை அறிந்துகொள்ளுங்கள்

எச்சரிக்கைகளைக் கடைசியில் எழுதுவது வழக்கம். பாதியில் படிப்பை நிறுத்துபவருக்கும் இவை போய்ச் சேர வேண்டும் என்பதால் முதலிலேயே வைக்கிறேன்.

அறுவை முடிந்த முதல் இரண்டு நாட்களுக்குள் ஒரு பக்கம் மட்டும் மளமளவென்று பெரிதாகி, விறைத்து இறுகி, வலி ஏறிக்கொண்டே போய், அந்த இடத்துத் தோல் கருஊதா நிறத்துக்கு மாறினால், உள்ளே ரத்தம் கசிந்து தேங்குகிறது என்றே கருத வேண்டும். அதனோடு தலைசுற்றலோ படபடப்போ சேர்ந்துகொண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ஒரு கால் மட்டும், குறிப்பாகக் கெண்டைக்கால், வீங்கி வலித்துச் சூடாக இருந்தால் ஆழத்திலுள்ள சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்த உறைகட்டி பிரிந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, கால் வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திடீர் மூச்சுத்திணறல், மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, இருமலில் ரத்தம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். தொடையில் அறுவை செய்துகொண்டவர்கள் இதைத் தவறவிடுவது எளிது. அறுவையால்தானே கால் வீங்குகிறது என்று இருந்துவிடுவார்கள். சந்தேகம் வந்த காலை அமுக்கியோ நீவிவிட்டோ பார்க்காதீர்கள்.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, தையல் வழியே வரும் சீழ் அல்லது துர்நாற்றம் ஆகியவை நோய்த்தொற்றின் அறிகுறிகள். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்வைக்குச் சிறிதாக இருக்கும் இடத்தில் தாங்க முடியாத வலி இருப்பதும், தோல் கருத்துக் கொப்புளம் எழுவதும் அவற்றைவிடக் கடுமையானவை. அவை அவசரச் சிகிச்சைக்கு உரியவை.

படி 2: வீக்கம் ஏன் சமமாக இருப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜெஃப்ரி க்ளைன் என்ற தோல் மருத்துவர் 1987-இல் விளக்கி எழுதிய முறையைத் தழுவியே இன்று பெரும்பாலான லைப்போசக்சன் நடக்கிறது. உப்புநீரில், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னும் ரத்தக்குழாயைச் சுருக்கும் எபிநெஃப்ரினும் கலந்த திரவத்தை முதலில் கொழுப்புப் பகுதியில் ஏராளமாகச் செலுத்திவிட்டு, பிறகு மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். செலுத்திய திரவத்தில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. அது முதல் ஓரிரு நாட்களில் சிறு துளைகள் வழியே இளஞ்சிவப்பு நீராகக் கசிகிறது. எஞ்சியதை உடல் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. கொழுப்பை எடுத்த பிறகும் எடை கூடியிருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த நீரின் எடையைத்தான்.

குழாய் சென்று வந்த வழியெங்கும் திசு காயம் அடைகிறது. நீரை வடித்துச் செல்லும் நுண்ணிய நிணநீர் நாளங்களும் அறுபடுகின்றன. ஒரு பக்கம் 400 மில்லிலிட்டரும் மறுபக்கம் 550 மில்லிலிட்டரும் கொழுப்பு எடுக்கப்பட்டிருந்தால், இரு பக்கக் காயமும் ஒன்றாக இருக்க வழியில்லை. அறுவைக்கு முன்பே நம் உடலின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால்தான் மருத்துவரும் வெவ்வேறு அளவில் எடுக்க நேர்கிறது. இவற்றோடு, ஒரே பக்கமாகப் படுத்து உறங்குவது, அறுவை செய்த பகுதியை இறுக்கிப் பிடிக்க அணியும் அழுத்த உடை ஓரிடத்தில் சுருண்டு நிற்பது போன்ற அன்றாடக் காரணங்களும் சேர்கின்றன.

புவியீர்ப்பையும் மறக்க வேண்டாம். வயிற்றில் கொழுப்பு எடுத்தவர்களுக்குச் சில நாட்களில் பிறப்புறுப்புப் பகுதி வீங்குவதும், தொடையில் எடுத்தவர்களுக்குக் கணுக்கால் வீங்குவதும் மேலிருந்து நீர் இறங்குவதால் நேர்கின்றன. டம்மி டக்கில் இதற்கு எதிரான ஒன்று நடக்கிறது: தொப்புளுக்குக் கீழுள்ள நிணநீர் இயல்பாகக் கவட்டையை நோக்கி இறங்கும்; அடிவயிற்றின் குறுக்கே செல்லும் வெட்டு அந்தப் பாதையைத் துண்டிப்பதால், புதிய பாதைகள் உருவாகும்வரை நீர் தழும்புக்கு மேலேயே தேங்கி நிற்கிறது. தழும்பின் மேல் மடிப்புப்போலத் தெரிவதைப் பலரும் எடுக்காமல் விட்ட கொழுப்பு என்று எண்ணி வருந்துகிறார்கள். தொடக்க மாதங்களில் அது பெரும்பாலும் வீக்கமே.

படி 3: ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருக்குமானால், இந்தப் படியைச் செய்யுங்கள். இன்று இரு பக்கமும் எப்படித் தெரிகின்றன என்பது அதிகம் எதையும் சொல்லாது. போன வாரத்தைவிட ஒவ்வொரு பக்கமும் கூடுகிறதா, குறைகிறதா என்பதே மருத்துவருக்கும் உங்களுக்கும் வழிகாட்டும். நினைவு இதற்கு உதவாது, ஏனென்றால் கவலையில் இருப்பவரின் கண்ணுக்கு நேற்றைவிட இன்று எப்போதும் மோசமாகவே தோன்றும்.

துணி தைப்பவர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்று போதும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், அழுத்த உடையைக் கழற்ற மருத்துவர் அனுமதித்திருந்தால், அளவெடுங்கள். உடையைக் கழற்றும்போது தலைசுற்றி மயக்கம் வருவது முதல் நாட்களில் உண்டு என்பதால், அருகில் ஒருவர் இருக்க, மெதுவாகக் கழற்றுங்கள். தொப்புள் நேராக ஒரு சுற்றளவு, அதற்கு 5 சென்டிமீட்டர் மேலே ஒன்று, 5 சென்டிமீட்டர் கீழே ஒன்று என எடுத்துக்கொள்ளுங்கள். தொடை என்றால் முழங்காலின் மேல்விளிம்பிலிருந்து இவ்வளவு உயரம் என்று ஓர் இடத்தை நிச்சயித்து, இரு கால்களிலும் அதே உயரத்தில் எடுங்கள். நாடா தோலைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. மாலையில் அளந்த எண்ணைக் காலை எண்ணோடு ஒப்பிடாதீர்கள். நாள் முழுதும் நின்றும் அமர்ந்தும் இருந்தபின் மாலையில் வீக்கம் கூடுவது இயல்பே.

இடுப்பைச் சுற்றி எடுக்கும் ஒற்றை அளவு, எந்தப் பக்கம் கூடியது என்பதைக் காட்டாது. அதற்குத்தான் நிழற்படம். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே சுவருக்கு முன், ஒரே வெளிச்சத்தில், கைப்பேசியைத் தொப்புள் உயரத்தில் ஒரே தொலைவில் நிறுத்தி, முன்புறம், பின்புறம், இரு பக்கவாட்டுகள் என நான்கு படங்கள் எடுங்கள். தினமும் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்றன்றைய ஏற்ற இறக்கம் மனத்தைத்தான் அலைக்கழிக்கும்.

உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் டிரெய்ன் குழாய் பொருத்தப்பட்டிருந்தால், ஒவ்வொரு பக்கக் குழாயிலும் 24 மணி நேரத்தில் சேர்ந்த நீரின் அளவையும் நிறத்தையும் தனித்தனியே எழுதுங்கள். நாளுக்கு 30 மில்லிலிட்டருக்கும் கீழே இறங்கிய பின்பே பல மருத்துவர்கள் குழாயை எடுக்கிறார்கள். ஒரு பக்கக் குழாயில் நீர் திடீரென நின்றுபோய், அதே பக்கம் வீங்கத் தொடங்கினால், குழாய் அடைத்திருக்கலாம். உடனே தெரிவிக்க வேண்டும்.

படி 4: தொட்டுப் பார்த்து வகை பிரியுங்கள்

கைகளைக் கழுவிக்கொண்டு, தையலை விட்டு விலகிய இடத்தில், விரலால் மென்மையாக ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் அது திசுக்களுக்குள் பரவி நிற்கும் நீர். நாட்போக்கில் வடிந்துவிடக் கூடியது.

படுத்த நிலையில் ஒரு புறம் தட்டும்போது, நீர் நிரப்பிய பையைத் தட்டியதுபோல மறுபுறம் அலை எழுந்தாலோ, புரண்டு படுக்கும்போது உள்ளே ஏதோ இடம்மாறுவதாக உணர்ந்தாலோ, தோலுக்கும் தசைக்கும் இடையே தெளிந்த நீர் குளமாகத் தேங்கியிருக்கலாம். இதைச் செரோமா என்பார்கள். முதல் சில வாரங்களில், குறிப்பாக டிரெய்னை எடுத்த பிறகு, இது தோன்றுவது உண்டு. சிறியது தானே வற்றிவிடும். பெரியதை மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார், சில வேளை பலமுறை எடுக்க நேரும். நீண்ட நாள் விட்டுவைத்தால் அதைச் சுற்றி உறை உருவாகிவிடக்கூடும் என்பதால், வெட்கப்படாமல் விரைவில் காட்டுவதே நல்லது. எக்காரணம் கொண்டும் வீட்டில் ஊசி குத்தி எடுக்க முயலக் கூடாது.

இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் ஆங்காங்கே கெட்டியான முடிச்சுகளும் தடிப்புகளும் தட்டுப்படுவது குணமாகும் திசு இறுகுவதால் ஏற்படுவது. பெரும்பாலும் சில மாதங்களில் இவை இளகிவிடும். ஆனால் ஒரு முடிச்சு சிவந்து, சூடாகி, வளர்ந்தால் அது முதல் படியில் சொன்ன வகையைச் சேர்ந்தது.

மார்பகத்தில் செயற்கைப் பொருத்து வைத்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: ஓராண்டோ அதற்கு மேலோ கடந்தபின் ஒரு மார்பகம் மட்டும் புதிதாக வீங்கினால், அதை அறுவையின் எஞ்சிய வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது. பொருத்தைச் சுற்றி உருவாகும் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று இவ்வாறுதான் பெரும்பாலும் தலைகாட்டும் என்பதால், நீரை எடுத்துச் சோதிப்பது அவசியம்.

படி 5: அழுத்த உடையைச் சரிபாருங்கள்

வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை அணியச் சொல்லப்படும் இந்த உடை, சரியாகப் பொருந்தினால் வீக்கத்தைக் குறைக்கும். பொருந்தாவிட்டால் சமமற்ற வீக்கத்தை அதுவே உண்டாக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் தோல் பள்ளமாகி, அதன் இருபுறமும் நீர் பிதுங்கி நிற்கும். அமர்ந்து எழும் ஒவ்வொரு முறையும் உடையை இழுத்து நேராக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பட்டையும் கொக்கியும் எலும்பின் மேல் அழுந்துகின்றனவா என்று பாருங்கள். உள்ளே வைக்கும் பஞ்சு அட்டையை மருத்துவர் காட்டிய இடத்தில் மட்டும் வையுங்கள்.

அதிகம் இறுக்கினால் விரைவில் வடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தீங்கானது. கால் மரத்துப்போதல், விரல் நீலம் பாரித்தல், மூச்சு முழுதாக இழுக்க முடியாமை, தோலில் புண் ஆகியவை மிகை இறுக்கத்தின் அடையாளங்கள். வீக்கம் வடிந்து உடை தளர்ந்தபின் சிறிய அளவுக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 6: நாள்தோறும் செய்யக் கூடியவை

மருத்துவர் தடுக்காவிட்டால் அறுவை நாளிலிருந்தே வீட்டுக்குள் சிறிது சிறிதாக நடங்கள். கெண்டைக்கால் தசை இயங்குவது ரத்த உறைவைத் தடுக்கவும் நீரை மேலேற்றவும் உதவுகிறது. ஒரே பக்கமாக உறங்காதீர்கள். உப்பை உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாளுக்கு 5 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

அறுவை செய்த பகுதியில் தோல் மரத்திருக்கும் என்பதால் பனிக்கட்டிப் பையோ வெந்நீர்ப் பையோ சுடுவதையும் உறைவதையும் உங்களால் உணர முடியாது. தோல் வெந்துபோகும் அளவுக்குக் காயம் ஏற்பட்டபின்பே தெரியவரும். மருத்துவர் சொல்லாமல் எதையும் வைக்காதீர்கள். வீக்கத்தைக் குறைப்பதாகச் சொல்லப்படும் மாத்திரைகளையும், நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளையும் தாமாக வாங்கி உட்கொள்வதும் கூடாது.

படி 7: மசாஜ் செய்துகொள்ள விரும்பினால்

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும் 1930-களில் வகுத்த நிணநீர் வடிப்பு மசாஜ், தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் மென்மையான முறை. அறுவை செய்த மருத்துவரின் அனுமதியோடு, பயிற்சி பெற்றவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள். வலிக்க வலிக்கப் பிசைவதும், துளைகளைத் திறந்து நீரைப் பிதுக்கி எடுப்பதும் இந்த முறையைச் சேர்ந்தவை அல்ல. அவை நோய்த்தொற்றுக்கு வழி திறந்துவிடும். ரத்த உறைவோ நோய்த்தொற்றோ இருக்கலாம் என்ற ஐயம் உள்ள நிலையில் எந்த மசாஜும் கூடாது.

படி 8: எப்போது மருத்துவரிடம் வடிவத்தைப் பற்றிப் பேசுவது

லைப்போசக்சனின் வீக்கத்தில் பெரும்பகுதி ஆறு வாரங்களுக்குள் வடிந்துவிடும். எஞ்சியது வடிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். டம்மி டக்கில் ஓராண்டு வரை நீடிப்பதும் உண்டு. அதற்கு முன் திருத்த அறுவைக்கு அவசரப்பட்டால், வீக்கத்தையே கொழுப்பென்று கருதி அகற்றி, நீர் வடிந்தபின் அந்த இடம் பள்ளமாகிவிடக் கூடும். பள்ளத்தை நிரப்புவது மேட்டைக் குறைப்பதைவிடக் கடினம். பெரும்பாலான மருத்துவர்கள் குறைந்தது ஆறு மாதங்கள் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

ஆறாவது மாதத்தில் சந்திக்கச் செல்லும்போது, அறுவைக்கு முன் எடுத்த படங்கள், வாரப் படங்கள், அளவுக் குறிப்பு ஆகியவற்றை வரிசைப்படி கொண்டு செல்லுங்கள். இரு பக்கமும் எவ்வளவு கொழுப்பு எடுக்கப்பட்டது, இப்போது தெரியும் வேறுபாடு நீரா, இறுகிய திசுவா, எஞ்சிய கொழுப்பா, அறுவைக்கு முன்பே இருந்த எலும்பு அல்லது தசை வேறுபாடா என்று நேரடியாகக் கேளுங்கள். தொட்டுப் பார்த்து முடிவுக்கு வர இயலாவிட்டால் அல்ட்ராசவுண்ட் மூலம் பார்க்கச் சொல்லிக் கேட்பதிலும் தவறில்லை.