எண்ணெயா, வியர்வையா? பிரைமர் வாங்கும்முன் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பெண் என்னிடம் வந்தாள். நெருங்கிய தோழியின் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறாளாம். பையிலிருந்து மூன்று டியூபை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றுமே 'மேட்' பிரைமர், அதாவது ஃபவுண்டேஷன் என்ற முகப்பூச்சுக்கு முன்னால் பூசும், பளபளப்பை அடக்கும் அடிப்பூச்சு. "அக்கா, எனக்கு எண்ணெய்ச் சருமம். எதைப் போட்டாலும் பதினொரு மணிக்கெல்லாம் முகம் வழியுது. இதுல எது நல்லது?"

எண்ணெய்ச் சருமம் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. கண்ணாடியைப் பார்த்தா தெரியுதே, பளபளன்னு."

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பதினொரு மணிக்கு யார் முகம்தான் பளபளக்காது? விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து குளிர்ச்சியாகத்தான் காற்று வரும். பத்து மணி தாண்டினால் வேக்காடு. மழை வரப்போகிற நாளென்றால் இலைகூட அசையாது. அந்தப் புழுக்கத்தில் முகத்தில் மின்னுவது முக்கால்வாசி வியர்வை. அதை எண்ணெய் என்று நினைத்து, எண்ணெய்ச் சருமத்துக்கான பிரைமரைத் தேடிப் பிடித்து வாங்குவதுதான் நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் தவறு. யாரோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எடுத்த காணொளியைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

இரண்டும் ஒன்றில்லை. எண்ணெய் சுரப்பது வேறு சுரப்பி. நெற்றி, மூக்கு, தாடை ஆகிய இடங்களில் அது அதிகம். வியர்வை பெரும்பாலும் தண்ணீர், கூடவே கொஞ்சம் உப்பு. மேட் பிரைமரில் இருக்கும் சிலிக்கா போன்ற பொடிகள் எண்ணெயை உறிஞ்சி, பளபளப்பைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கும். அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும் வியர்வைக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. வியர்வையை நிறுத்தும் பிரைமர் என்று ஒன்று கிடையாது. அப்படி யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு டிஷ்யூ போதும். மென்மையான ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, ஒன்றும் பூசாமல், காற்றாடிக்குக் கீழே ஒரு மணி நேரம் இருங்கள். அடுப்படி வேலை, துணி காயப்போடுகிற வேலை எதுவும் வேண்டாம். பிறகு மெல்லிய டிஷ்யூவை நெற்றி, மூக்கு, கன்னம் என்று தனித்தனியாக ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் ஒரு பக்கமாக வைத்துவிடுங்கள். ஈரம் காய்ந்து டிஷ்யூ பழையபடி ஆகிவிட்டால் அது வியர்வை. வடை வைத்த தாள் மாதிரி கண்ணாடியாக ஒரு கறை அப்படியே நின்றால் அது எண்ணெய். கறையும் இல்லை, ஆனால் கன்னம் இழுத்துப் பிடித்தாற்போல இருக்கிறது என்றால் அது வறண்ட இடம்.

அந்தப் பெண்ணுக்கு மூக்கிலும் மூக்கின் இரண்டு ஓரத்திலும் மட்டும்தான் கறை நின்றது. கன்னம் வறண்டு, வாயோரம் லேசாகத் தோல் உரிந்திருந்தது. வழிகிறதே என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவியிருக்கிறாள். கழுவினால் எண்ணெய் போய்விடும் என்பது அவள் கணக்கு. போனது தோலின் ஈரம். அதன்மேல் மேட் பிரைமரைப் பூசினால், இருக்கிற உரிவு ஒவ்வொன்றும் ஃபவுண்டேஷனில் எடுப்பாகத் தெரியும். வறண்ட கன்னத்துக்குக் கிளிசரின், ஹையலூரோனிக் அமிலம் கலந்த ஈரப்பத பிரைமர்தான் சரி. நல்ல மாய்ஸ்சரைசர் போட்டுவிட்டால் பல பேருக்கு அதுகூடத் தேவைப்படாது. ஒரே முகத்துக்கு ஒரே பிரைமர் என்று சட்டமா இருக்கிறது? மூக்குக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று போடலாம். கன்னத்தைச் சும்மாவும் விடலாம்.

சரி, வியர்க்கிற முகத்துக்கு என்னதான் செய்வது? குளித்துவிட்டு வந்த சூட்டோடு உட்கார்ந்து பூச ஆரம்பிக்கக் கூடாது. காற்றாடி முன்னால் உட்கார்ந்து உடம்பு அடங்கட்டும். அதிகாலை முகூர்த்தத்துக்கு நான்கு மணிக்கு வரும் பெண்களைக் கால் மணி நேரம் சும்மா உட்கார வைத்துவிட்டுத்தான் நான் தூரிகையையே எடுப்பேன். அவர்கள் அம்மாமார்களுக்குத்தான் பொறுமை இருக்காது. அப்புறம், எதைப் பூசினாலும் மெல்லிசாகப் பூச வேண்டும். கனமாகப் பூசியது வியர்வையோடு பாளம் பாளமாகப் பெயரும். வியர்க்கும்போது துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன் அடங்கிய பிரைமர் தண்ணீரோடு ஒட்டாது என்பதால் நம் சீதோஷ்ணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

சிலிக்கோன் பேச்சு வந்ததால் என் சொந்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மணப்பெண்ணுக்குப் புதிதாக வாங்கிய பிரைமரைப் போட்டு, அது அடங்குவதற்குள் அதன்மேல் ஃபவுண்டேஷனைத் தேய்த்தேன். கன்னத்தில் அழிப்பான் தூள் மாதிரி உருண்டு உருண்டு வந்தது. வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து செய்தேன். அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். பிரைமர் மட்டமானதும் இல்லை, ஃபவுண்டேஷன் மட்டமானதும் இல்லை. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

சருமத்தை மட்டும் பார்த்து பிரைமர் வாங்குவது பாதி வேலைதான் என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குக் கீழே என்ன சன்ஸ்கிரீன் இருக்கிறது, மேலே என்ன ஃபவுண்டேஷன் வரப்போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தில் மூலப்பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே வருபவற்றுக்கு மட்டும் அந்த வரிசை கட்டாயமில்லை. முதல் சில பெயர்களில் 'கோன்' என்றோ 'சிலோக்சேன்' என்றோ முடிபவை இருந்தால் அது சிலிக்கோன் சார்ந்தது. தண்ணீரில் ஆரம்பித்து, அடுத்து சிலிக்கோன் எதுவும் வராவிட்டால் தண்ணீர் சார்ந்தது. சிலிக்கோனுக்கு மேல் சிலிக்கோன், தண்ணீருக்கு மேல் தண்ணீர் என்று ஒரு பொது விதி சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது உதவும், ஆனால் அதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு வரும் பல ஃபவுண்டேஷன்களில் தண்ணீரும் இருக்கிறது, சிலிக்கோனும் இருக்கிறது. பெயரைப் படித்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதைவிட நம்பகமானது புறங்கை. பிரைமரிலும் ஃபவுண்டேஷனிலும் ஒவ்வொரு துளி எடுத்து அங்கே வைத்து விரலால் கலந்து பாருங்கள். வழுவழுவென்று ஒன்றாகிவிட்டால் நல்லது. திரிந்த பால் மாதிரி பிரிந்தால் வேண்டாம். பிறகு வீட்டில், தினமும் போடும் சன்ஸ்கிரீனையும் சேர்த்துத் தாடையோரம் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். உருண்டு வருகிற தகராறில் பாதிக்கு மேல் சன்ஸ்கிரீன் காயாமல் பிரைமர் போடுவதால்தான் என்பது என் அனுபவம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நிமிடம் விடுங்கள். பிரைமரைத் தேய்க்காமல் விரல் நுனியால் அழுத்தி ஒற்றுங்கள். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும்.

சன்ஸ்கிரீன் பற்றி இன்னொன்று. பிரைமரிலேயே எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு எண்) இருக்கிறதே, தனியாக எதற்கு என்று கேட்பார்கள். அந்த எண்ணைச் சோதிக்கும்போது சருமத்தின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசுகிறார்கள். பட்டாணி அளவு பிரைமரை முகம் முழுக்க இழுத்துப் பூசும் நாம் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நிற்கிறவர்களுக்கு அது போதாது. தனியாகச் சன்ஸ்கிரீன் போட்டுவிட்டு, அதன்மேல்தான் பிரைமர்.

நிறத்தில் செய்யும் தவறு நம்மவர்களை அதிகம் பாதிக்கிறது. பச்சை நிற பிரைமர் சிவப்பை மறைக்கத்தான். வெளுத்த தோலில் பரு சிவந்து தெரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் பரு போனபின் நிற்பது பழுப்புத் தழும்பு. அதன்மேல் பச்சை போட்டால் முகம் சாம்பல் பூத்துப்போகும். வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் இருக்கும் கருமைக்குப் பீச், அல்லது இன்னும் கறுத்த தோலென்றால் ஆரஞ்சுதான் ஈடு செய்யும். மினுமினுப்பு பிரைமரிலும் வெள்ளி நிறத்தை விட்டுவிட்டுப் பொன், செம்பு நிறமாகப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டு, இருட்டில் ஃபிளாஷ் வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். சிலிக்காவோ டைட்டானியம் டையாக்சைடோ அதிகம் இருந்தால், நேரில் தெரியாத வெள்ளைப் பூச்சு படத்தில் தெரியும். ஆல்பம் வந்தபிறகு அழுது பயனில்லை.

துளைகளை மூடும் என்ற வாசகத்துக்காக வாங்குகிறவர்களும் உண்டு. எந்த பிரைமரும் துளையை மூடாது. சிலிக்கோன் அந்தப் பள்ளத்தை நிரவி, வெளிச்சத்தைச் சிதறடித்துச் சமமாகக் காட்டும். இரவில் கழுவினால் அதுவும் போய்விடும். கழுவத்தான் வேண்டும், அதுவும் வெறும் தண்ணீரில் வராது. கிளென்சிங் ஆயிலோ பாமோ போட்டு எடுத்துவிட்டுப் பிறகு ஃபேஸ்வாஷ். பிரைமர் போட்டால் பரு வருகிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரி எப்படிக் கழுவினீர்கள் என்பதுதான். இரண்டாவது, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கிறீர்களா என்பது. நெற்றியோரப் பருவுக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

எங்கே வாங்குவது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மலேசியாவில் 2008 முதல் அழகுப் பொருள்களை விற்பனைக்கு விடும்முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருளுக்கு என்-ஓ-டி என்று தொடங்கி கே என்று முடியும் ஓர் எண் கிடைக்கும். அதை அந்த அமைப்பின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். எண் இருப்பதால் அரசாங்கம் சோதித்துச் சான்று கொடுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் எண்ணே இல்லாத பொருளைத் தொடாதீர்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பெயரில்லாத டப்பாவில் ஊற்றிக் கொடுப்பது, பூசினால் வெளுக்கும் என்று சொல்லி விற்பது எல்லாம் அந்த வகை. வெளுக்க வைக்கும் கிரீம்களில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கண்டுபிடிக்கப்பட்டதாக இங்கே பல தடவை எச்சரிக்கை வந்திருக்கிறது. நல்ல பிரைமரைக்கூட வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், பிரிந்துபோகும்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடம் எடுக்கிற பெண்கள் எந்த பிரைமர் நிற்கும் என்று கேட்டால், எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சன்ஸ்கிரீன் மட்டும் போதும். நெற்றியில் விபூதியும் சந்தனமும் வரப்போகிறது, உச்சி வெயிலில் தலையிலிருந்து பாலும் வழியப்போகிறது.

அந்தப் பெண் கல்யாணத்துக்கு மூன்று டியூபில் ஒன்றை மட்டும், அதுவும் மூக்குக்கு மட்டும் போட்டுக்கொண்டு போனாள். மற்ற இரண்டையும் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "இதை என் தங்கச்சிக்குக் கொடுத்திடவா அக்கா? அவளுக்கும் முகம் வழியுதுன்னு சொல்றா லா" என்றாள்.

மேசையிலிருந்த டிஷ்யூ பெட்டியைத்தான் அவள் பக்கம் தள்ளினேன்.