மனநல மருத்துவர்கள் காப்பீட்டில் செய்யும் தவறுகள்

அண்மையில் தனியாக கிளினிக் தொடங்கிய இளைய மனநல மருத்துவர் ஒருவர் தமது தொழில்சார் இழப்பீட்டு பாலிசியை (சிகிச்சையில் தவறு என்று நோயாளி வழக்குத் தொடுத்தால் கைகொடுக்கும் காப்பீடு) பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார். நான் முன்பு செய்த பிழைகள் அதில் அப்படியே இருந்தன. பதிவு எண்ணைத் தவறாக எழுதுவது போன்றவற்றை அவரவரே கண்டுகொள்வர் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இடைவெளி விட்டு காப்பீட்டு நிறுவனம் மாறுவது

சிகிச்சை அளித்த நாளில் பாலிசி இருந்தால் போதும் என்றே பலரும் எண்ணுகின்றனர். இந்தியாவில் இவ்வகை பாலிசிகள் பெரும்பாலும், கிளெய்ம் வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும் என்பதோடு, புகாருக்குரிய சிகிச்சை பாலிசியில் அச்சிட்ட ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் (பாதுகாப்பு எந்த நாள் முதலான சிகிச்சைகளுக்கு என்று குறிக்கும் தேதி) பின் நடந்திருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன.

பிரீமியத்தில் ஆயிரத்துச் சொச்சம் மிச்சமாகும் என்று நான் நிறுவனம் மாறினேன். இடையில் 18 நாள் விட்டுப்போயிற்று. "பழைய தேதி தானாக வந்துவிடும், டாக்டர்" என்றார் ஏஜென்ட். வரவில்லை, நானும் படித்துப் பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து, லித்தியம் என்ற மனநல மருந்தை உட்கொண்டவருக்கு உரிய காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்யவில்லை என்று நோட்டீஸ் வந்தது. பாலிசி முடிந்துவிட்டது என்றது பழைய நிறுவனம். சிகிச்சை தங்கள் தேதிக்கு முந்தையது என்றது புதியது. இரண்டுமே ஒப்பந்தப்படி சரி என்பதுதான் இன்றும் என்னை எரிச்சலூட்டுகிறது. வழக்கறிஞர் கட்டணம் முழுவதும் என் கையிலிருந்தே போயிற்று.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நோயாளி புகார் அளிக்க 2 ஆண்டு அவகாசம் தருகிறது. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தையும் ஏற்கிறது. சிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்தும் புகார் வரலாம் என்பதே இதன் பொருள். ஆகவே பழைய பாலிசி முடியும் முன்பே மாறுங்கள். அதன் நகலைக் கொடுத்து, அதே ரெட்ரோஆக்டிவ் தேதியைப் புதியதிலும் அச்சிடச் சொல்லி, கைக்கு வந்ததும் அந்த வரியைப் படியுங்கள். கிளினிக்கை மூடுபவரும் பழைய சிகிச்சைகளுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோட்டீஸ் கண்டதும் நோயாளியின் குடும்பத்தாரிடம் பணம் பேசுவது

நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பேசினால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். இரக்கத்தில் சொன்ன ஒரு வாக்கியமும் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படலாம்.

கிளினிக்கில் பணிபுரியும் உளவியலாளரின் பெயரைப் பாலிசியில் சேர்க்காமல் விடுவது

சேர்த்துவிடுங்கள்.

ஈசிடி

மூளைக்கு மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சை இது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி அதனை அளிப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 95 தடை செய்கிறது. சட்டம் தடுத்ததைச் செய்துவிட்டு பாலிசியை நம்ப முடியாது.

வெளிநாட்டில் இருப்பவருக்குக் காணொளி ஆலோசனை

பல பாலிசிகளின் எல்லை இந்தியா மட்டுமே. துபாயிலிருந்து அழைப்பவருக்கு நேரம் ஒதுக்கும் முன் அதனைப் பாருங்கள்.