ஒற்றுப்பிழையைக் கடைசியில் பாருங்கள்: ஆய்வுக் கட்டுரையைத் திருத்தும் முறை

கட்டுரையை எழுதி முடித்த கையோடு எழுத்துப்பிழை தேட உட்கார்ந்துவிடுவது பலரின் வழக்கம். நாளை நீக்கப்போகும் பத்திக்கு இன்று ஒற்றுப் போட்டு என்ன பயன்? முதலில் வாதம், பிறகு மேற்கோள், கடைசியில் மெய்ப்பு, அதாவது எழுத்துப்பிழை திருத்துவது, என்ற வரிசையில் போங்கள்.

படி 1: வாதம்

கட்டுரை சொல்லவருவதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "கைபேசி மாணவர்களைக் கெடுக்கிறது" என்று வந்தால் அது வாதம் அல்ல, புலம்பல். "வகுப்பு நேரத்தில் வரும் கைபேசி அறிவிப்புகள், மாணவர்கள் குறிப்பெடுப்பதைக் குலைக்கின்றன" என்றால் அதை நிறுவவும் முடியும், மறுக்கவும் முடியும்.

அடுத்து, ஒவ்வொரு பத்தியிலும் மூன்றைத் தேடுங்கள்: கூற்று, சான்று, இரண்டையும் இணைக்கும் நியாயம். பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் முன்வைத்த வாத அமைப்பின் அடிப்படை இதுதான். மூன்றாவதுதான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். குறிப்பேடுகளில் பல வரிகள் விடுபட்டிருந்தன என்பது சான்று. சரி, அதற்குக் காரணம் கைபேசிதான், ஆசிரியர் பேசிய வேகம் அல்ல என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்தப் பதிலை எழுதுங்கள். மறுதரப்பின் மிக வலுவான வாதத்தையே எடுத்துப் பதில் சொல்லுங்கள். நோஞ்சானைத் தேடிப்பிடித்து மல்லுக்கட்டுவதில் பெருமை இல்லை.

படி 2: மேற்கோள்

மூலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "இடையூறுக்குப் பின் மனம் பழைய பணிக்குத் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கிறது." இதை "தடங்கலுக்குப் பிறகு மனது முந்தைய வேலைக்குத் திரும்பக் கொஞ்சம் நேரமாகிறது" என்று எழுதினால், சொற்கள்தான் மாறியிருக்கின்றன, வாக்கியம் இன்னும் மூல ஆசிரியருடையதே. மூலத்தை மூடிவிட்டு எழுதுங்கள்: "அறிவிப்பைப் பார்த்து முடித்த பிறகும் கவனம் உடனே பாடத்துக்கு வந்துவிடுவதில்லை." பிறகு மூலத்தைத் திறந்து, பொருள் பிறழவில்லையா என்று சரிபாருங்கள். இப்போதும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கட்டாயம்.

ஒரு நூலுக்குள் இன்னொருவரின் மேற்கோளைக் கண்டால், அந்த மூலத்தைத் தேடிப் படியுங்கள். கிடைக்காவிட்டால், யார் வழியாக எடுத்தீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் நூற்பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். எழுதப்படாத கட்டுரைக்கும் அவை தலைப்பும் ஆண்டும் கொடுத்துவிடும்.

படி 3: மெய்ப்பு

ஒரு நாள் ஆறப்போட்டு, அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். ஒரு வாசிப்பில் ஒரு வகைப் பிழையை மட்டும் பாருங்கள்: முதலில் "ஆய்வு கட்டுரை" போன்ற ஒற்றுப்பிழைகள், அடுத்து "காரணங்கள் இருக்கிறது" போன்ற ஒருமை பன்மை மயக்கம். "முடிவுகளை விளக்கியுள்ளார்" என்பது "விலக்கியுள்ளார்" என்று விழுந்திருந்தால், இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் வாயே திறக்காது.

இறுதியாக, துணைநூற்பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு கட்டுரையில் வரும் ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் டிக் செய்யுங்கள். உள்ளே 2014, பட்டியலில் 2015 என்று இருந்தால் மூலத்தைத் திறந்து பார்த்துத்தான் திருத்த வேண்டும். டிக் விழாத நூல் பட்டியலில் மிஞ்சினால், அதை நீக்கிவிடுங்கள்.