பழைய ஜனாதிபதி உரைகளைப் புரட்டும்போது விடும் பிழைகள்

மே பிறந்தால் போதும், வட்ஸ்அப் குழுக்களில் 2009 யுத்த முடிவுகால ஜனாதிபதி உரைக் காணொளிகள் சுற்றத் தொடங்கிவிடும். தேர்தல் வந்தால் இன்னொரு கட்டு வரும். கொக்குத்தொடுவாயிலோ செம்மணியிலோ எலும்புகள் வெளிப்பட்டால் வேறொரு கட்டு. முன்னாள் ஜனாதிபதிகளின் உரித்துகளை நீக்கும் சட்டம் 2025 செப்ரெம்பரில் நிறைவேறி, மகிந்த ராஜபக்ச கொழும்பு விஜேராம இல்லத்தை விட்டு வெளியேறியபோது, அவர் ஆட்சியைப் பற்றிய பழைய வாதங்கள் எல்லாம் திரும்ப எழுந்தன.

இவற்றை மறுபடி கேட்பதில் பிழையில்லை. பேசப்பட்ட நாளில் மின்சாரமும் வானொலியும் இல்லாமல் பதுங்கு குழிக்குள் கிடந்த சனத்துக்கு, அந்த உரைகளை முழுதாகப் படித்துப் பார்க்கும் வசதி இப்போதுதான் வந்திருக்கிறது. ஆனால் எடுத்துப் பேசும் விதத்தில் நிறையப் பிழை நடக்கிறது. பிழையான மேற்கோள் ஒன்றைக் காட்டி மறுதரப்பு முழு வாதத்தையும் தட்டிவிடும். நட்டம் நமக்குத்தான்.

நாளைக் குழப்புவது

அதிகம் நடப்பது இதுதான். யுத்தம் முடிந்ததாக மகிந்த அறிவித்த உரை என்று வருவது உண்மையில் ஒன்றல்ல. 2009 மே 16 அன்று அவர் ஜோர்தானில் ஒரு மாநாட்டில் இருந்தார். புலிகள் தோற்கடிக்கப்பட்டதாக அங்கேயே அறிவித்தார். அந்த நேரத்தில் முள்ளிவாய்க்காலில் இன்னும் வெடிச்சத்தம் ஓயவில்லை. பிரபாகரன் கொல்லப்பட்டதாக அரச தரப்பு அறிவித்தது மே 18 இல். பாராளுமன்ற உரை மே 19 இல். காலிமுகத்திடல் வெற்றி அணிவகுப்பு ஜூன் 3 இல். ஒவ்வொன்றிலும் எதிரே இருந்தவர்கள் வேறு, தொனியும் வேறு.

மூன்று நாள் வித்தியாசம்தானே என்று விட முடியாது. வட்டுவாகல் பக்கமாகச் சனம் வெளியேறியதும், பலர் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டதும் இந்த நாட்களில்தான். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய முறைப்பாட்டில் “ஜனாதிபதி யுத்தம் முடிந்தது என்று அறிவித்த பிறகு ஒப்படைத்தோம்” என்று எழுதினால், எந்த அறிவிப்பு என்று நாளோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த விசாரணையில் சாட்சியம் தன்னோடு தானே முரண்படும்.

1983 இலும் இதே குழப்பம்தான். யாழ்ப்பாண மக்களின் அபிப்பிராயத்தைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்ற பொருளில் ஜே. ஆர். ஜயவர்த்தன லண்டன் டெய்லி டெலிகிராப்புக்குச் சொன்னது, ஜூலைக் கலவரத்துக்கு முன்பு. கலவரம் தொடங்கிப் பல நாள் கழித்து, ஜூலை 28 இல் தொலைக்காட்சியில் ஆற்றியது வேறோர் உரை. இரண்டையும் ஒட்டி, கலவரம் முடிந்த கையோடு செவ்வி கொடுத்ததாக எழுதுகிறார்கள். முன்பே சொன்னது என்றால்தான் வாதம் கனக்கும். ஒட்டுகிறவர்கள் தங்கள் கையில் இருந்த பலமான ஆதாரத்தைத் தாங்களே மெலிய வைக்கிறார்கள்.

தமிழ்த் துண்டை மட்டும் கேட்பது

2009 மே 19 உரையை மகிந்த தமிழில் தொடங்கினார். இந்தப் போர் தமிழ் மக்களுக்கு எதிரானதல்ல, எல்லோரும் சமமாக வாழ வேண்டும் என்ற பகுதி அது. தமிழ்க் குழுக்களில் சுற்றுவது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்கள்தான். புகழுகிறவரும் அதைத்தான் போடுகிறார், ‘எல்லாம் நடிப்பு’ என்கிறவரும் அதைத்தான் போடுகிறார். அரசியல் உள்ளடக்கம் இருப்பது சிங்களப் பகுதியில். இனிச் சிறுபான்மை என்று யாருமில்லை, நாட்டை நேசிப்பவர், நேசிக்காதவர் என இரண்டு வகையினர் மட்டுமே உள்ளனர் என்றார். தீர்வு வெளியிலிருந்து வராது, உள்நாட்டிலேயே உருவாகும் என்றார். அதிகாரப் பகிர்வு பற்றி அடுத்த ஆண்டுகளில் நடந்த இழுபறி முழுவதற்கும் விதை அந்த இரண்டு கருத்திலும் இருக்கிறது.

முழு உரையை எடுக்க, பாராளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட்டுக்குப் போக வேண்டும். பாராளுமன்ற இணையத்தளத்தில் அமர்வு நாளை வைத்துத் தேடலாம். அச்சான ஹன்சார்ட் பேசிய மொழியிலேயே இருக்கும், மொழிபெயர்ப்புத் தரமாட்டார்கள். அதனால் சிங்களம் வாசிக்கக்கூடிய ஒருவரை, முடிந்தால் இருவரை, தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் குறிப்பெடுங்கள். அன்றைய ஆங்கிலப் பத்திரிகையில் வந்த வடிவத்தை மட்டும் வைத்துத் தமிழாக்கினால் இரண்டு கை மாறிய பேச்சு உங்கள் கைக்கு வரும்.

அவர் சொன்னதா, சொன்னதாக ஒருவர் சொன்னதா

‘பதின்மூன்று பிளஸ்’ நல்ல உதாரணம். 2012 ஜனவரியில் இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ். எம். கிருஷ்ணா கொழும்பு வந்தபோது, மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கும் அப்பால் போகும் வாக்குறுதியில் ஜனாதிபதி நிற்பதாகச் செய்தியாளரிடம் சொன்னார். அதாவது அங்கே பேசியவர் கிருஷ்ணா. இதை மகிந்தவின் உரை என்று மேற்கோள் குறிக்குள் போட்டால், அப்படியொரு உரையைக் காட்டு என்று ஒருவர் கேட்டதும் நிற்க இடமிராது.

கோட்டாபயவின் 2020 ஜனவரிக் கூற்று இன்னும் சிக்கல். காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் தரப்படும் என்பது மேடைப் பேச்சில் வந்ததல்ல. ஐ.நா. வதிவிடப் பிரதிநிதியுடனான சந்திப்பைப் பற்றி அவர் தரப்பு வெளியிட்ட அறிக்கையில் வந்தது. அதை அப்படியே குறிப்பிடுங்கள். அறிக்கையைத் தனியே வாசிக்கவும் கூடாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழ் அல்லாமல், காணாமற்போனமைக்கான சான்றிதழ் வழங்க 2016 ஆம் ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டாயிற்று. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டு வந்தது. சட்டம் திறந்து வைத்த வழி ஒன்று இருக்க, ஜனாதிபதி பேசியது வேறு வழி. இந்தப் பொருத்தமின்மையைக் காட்டாமல் ‘இறந்துவிட்டார்கள் என்று சொன்னார்’ என்ற வரியை மட்டும் பகிர்வது கோபத்தைக் கிளறும், வேறொன்றும் செய்யாது.

அன்று எந்தக் கதிரையில் இருந்தார்

2009 இல் கோட்டாபய பாதுகாப்புச் செயலாளர், ஜனாதிபதி அல்ல. பின்னாளில் ஜனாதிபதியான மைத்திரிபால அப்போது மகிந்தவின் அமைச்சர். இறுதி இரு வாரங்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராகத் தானே இருந்ததாக 2018 இல் நியூயோர்க்கில் அவரே சொன்னார். 1983 இல் ரணில் ஜே. ஆரின் அமைச்சரவையில் இருந்தார். 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது பிரதமர் ரணில். அப்போது ஜனாதிபதி சந்திரிகா, எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். ‘ஜனாதிபதி ரணில் போட்ட ஒப்பந்தம்’ என்று எழுதும் பிழை பள்ளிக் கட்டுரைகளிலும் வருகிறது.

பேச்சை அளக்கக் கடதாசி வேண்டும்

ஓர் ஆட்சி விட்டுச்சென்றதை மதிப்பிடுவதற்கு உரை தொடக்கம் மட்டும். உரைக்குப் பின் என்ன வெளிவந்தது என்று மூன்று கட்டமாகப் பாருங்கள்: முதல் ஒரு மாதத்தில் வர்த்தமானியோ சுற்றறிக்கையோ வந்ததா, ஆறு மாதத்தில் சட்டமூலமோ பாதீட்டு ஒதுக்கீடோ வந்ததா, மூன்று ஆண்டில் பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் அதன் தடம் இருக்கிறதா.

இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மனிக் பாம் முகாமை எடுத்துக்கொள்வோம். 2009 மே மாத இறுதியில் வந்த இந்திய–இலங்கை கூட்டறிக்கையில், இடம்பெயர்ந்தோரில் பெரும்பகுதியினரை 180 நாளில் மீளக் குடியேற்றும் திட்டம் குறிப்பிடப்பட்டது. அந்த முகாம் இறுதியாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். மூன்று ஆண்டுக்கு மேல். மூடிய நாளை வைத்து ‘சொன்னதைச் செய்தார்’ என்று எழுதுகிறவர்கள், கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவுக் குடும்பங்கள் எங்கே இறக்கப்பட்டார்கள் என்று பார்ப்பதில்லை. சொந்தக் காணியில் படைமுகாம் இருந்ததால் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டார்கள். முகாம் மூடியதும் மீள்குடியேற்றமும் ஒன்றல்ல. கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்புக் காணி 2017 மார்ச் 1 இல்தான் திரும்பக் கிடைத்தது, அதுவும் ஒரு மாதம் வீதியோரம் உட்கார்ந்த பிறகு, இன்னொரு ஜனாதிபதியின் காலத்தில்.

அந்த இன்னொருவரான மைத்திரிபாலவின் கணக்கையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் தொடங்கியது. ஜூனில் மைத்திரிபால குடும்பங்களைச் சந்தித்து, சரணடைந்தோர் பட்டியலை வெளியிடப் பணிப்பதாகச் சொன்னார். பட்டியல் குடும்பங்களின் கைக்கு வரவில்லை. 2023 பெப்ரவரிச் சுதந்திர தினத்துக்குள் இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்று ரணில் சொன்னதும் இந்த வரிசையில் சேரும். ஒருவரை மட்டும் அளந்துவிட்டு மற்றவரை விட்டால் அது கட்சிப் பிரசுரம்.

எதிர்ப்பக்கத்து அவசரமும் உண்டு. நடக்காததெல்லாம் பொய் வாக்குறுதி என்று முடிவுகட்டுவது. 2005 ஜூனில் சந்திரிகா அரசு புலிகளுடன் செய்த, சுனாமி உதவியைப் பகிர்ந்து வழங்குவதற்கான பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தத்தின் முக்கிய பகுதிகளை நிறுத்தியது அடுத்த மாதம் உயர்நீதிமன்றம். வடக்கு–கிழக்கு இணைப்பு 2006 ஒக்ரோபரில் செல்லாததானதும் நீதிமன்றத் தீர்ப்பால். யார் தடுத்தார்கள் என்பதையும் பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்று ஜனாதிபதி நினைத்தால் எல்லாம் நடக்கும் என்ற பிழையான நம்பிக்கைதான் மிஞ்சும்.

எண்களை மாற்றி ஒட்டுவது

மே மாதப் பதிவுகளில் 146,679 என்ற எண் ‘கொல்லப்பட்டோர்’ என்று வரும். அது வந்த வழி இது: 2008 ஒக்ரோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர்கள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்குப்படி 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு என்ன கணக்கு என்று மன்னார் ஆயர் 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழு முன் கேட்டார். அது பதில் சொல்லப்படாதவர்களின் எண்ணிக்கை. 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை நிராகரிக்க முடியாது என்றது ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, 2011 இல். இரண்டும் இரண்டு வேறு கேள்விக்கான விடைகள், ஒன்றின் தலைப்பை மற்றதுக்கு வைக்க முடியாது.

பொதுமக்கள் இழப்பே இல்லை என்ற அரச தரப்பின் பழைய பேச்சை மறுக்க இந்த எண்களுக்குக்கூடப் போகத் தேவையில்லை. பொதுமக்கள் இழப்பை முற்றாகத் தவிர்க்க முடியவில்லை என்று 2011 இல் பாதுகாப்பு அமைச்சே அறிக்கை வெளியிட்டது. அவர்களுடைய கடதாசியைக் கொண்டே அவர்களுடைய பேச்சை மறுப்பதைப் போலப் பலமானது வேறில்லை.

ரயில், வீடு, வாக்கு

அபிவிருத்தி பற்றிய வாதத்தில் இரு பக்கமும் அவசரப்படும். யாழ்தேவி 2013 செப்ரெம்பர் 14 இல் கிளிநொச்சிக்கு வந்தது மகிந்தவின் காலத்தில். தண்டவாளம் போட்டது இந்தியக் கடனில், இந்திய நிறுவனம். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் வந்த வீட்டுத்திட்டம் இந்திய நன்கொடை. திறந்து வைத்தவர், பணம் தந்தவர், திருப்பிக் கட்டுகிறவர் என்று மூன்று நிரல் போட்டு எழுதினால் சண்டை பாதி குறையும்.

வாக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு விடயம் மறவாதீர்கள்: வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மட்டும் இருக்கின்றன. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு எண்ணப்படுகிறது. ‘வன்னி மக்கள் தீர்ப்பு’ என்று எழுதுமுன் கிளிநொச்சித் தொகுதி முடிவைத் தனியே எடுத்துச் சேருங்கள். 2005 ஐப் பற்றி எழுதினால் புலிகளின் பகிஷ்கரிப்பையும் சேர்க்க வேண்டும். அந்தத் தேர்தலை மகிந்த வென்றது ஒன்றேமுக்கால் இலட்சத்துச் சொச்ச வாக்கு வித்தியாசத்தில்.

சேமித்து வைப்பது

ஆட்சி மாறும்போது ஜனாதிபதி செயலகத்தின் இணையப் பக்கங்களும் மாறும். பழைய இணைப்பு வெற்றுப் பக்கத்தில் போய் நிற்பது வழமை. தேவையான உரையைக் கண்ட அன்றே பிடிஎஃப் ஆக இறக்குங்கள், இணைய ஆவணக் காப்பகத்திலும் ஒரு பிரதி போடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள், இடம், மொழி, பேசியவரின் அன்றைய பதவி என்ற ஒழுங்கில் வைத்தால் பத்து ஆண்டு உரைகளும் தானாகவே காலவரிசையில் அடுக்கி நிற்கும். வட்ஸ்அப்பில் வந்த துண்டாக இருந்தால் பெயரில் ‘துண்டு’ என்று சேர்த்துவிடுங்கள், முழு உரை கிடைக்கும் வரைக்கும் அதை மேற்கோள் காட்ட எடுக்க வேண்டாம்.