ஒரு லாரியோடு தொழில் தொடங்குபவருக்கு: ஆர்.சி. முதல் இ-வே பில் வரை

லாரித் தொழிலில் ஒரு காகிதம் இன்னொன்றைத் தாங்கி நிற்கிறது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) முடிந்துவிட்டால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி அந்த வண்டி செல்லுபடியாகும் பதிவு உள்ளதாகவே கருதப்படாது. அந்த நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடித்துக்கொள்வது அந்தத் தேதியைத்தான். அதனால் எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்பதோடு, எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு வண்டியோடு தொழிலுக்கு வருபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

முதலில் தீர்மானிக்க வேண்டியது வண்டியின் மொத்த எடை, அதாவது வண்டியும் லோடும் சேர்ந்து ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் பதிவாகும் ஜி.வி.டபிள்யூ. 3,000 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. டாடா ஏஸ் போன்றவை இதில் அடங்கும். பிக்கப் வண்டிகளில் கவனம் வேண்டும்: பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒரு மாடல் 3,000-க்குள் இருக்கும், அடுத்த மாடல் தாண்டிவிடும். ஷோரூமில் சொல்வதை நம்பாமல் மாடலின் விவரத் தாளில் எண்ணைப் பாருங்கள். 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. 12,000 கிலோவைத் தாண்டினால் வருமான வரிக் கணக்கு மாறும்.

இரண்டாவது, யார் பெயரில் வாங்குவது. தனிநபர் பெயரில் வாங்கிவிட்டு, பிறகு பார்ட்னர்ஷிப் பெயருக்கு மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி மாற்றுவதும் உரிமை மாற்றம்தான்: படிவம் 29, 30, பைனான்ஸ் கம்பெனியின் சம்மதம், பர்மிட்டுக்குத் தனி மாற்றம், இன்சூரன்ஸுக்குத் தனி மாற்றம். தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு ஆதார், பான் வைத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடனுக்கு மட்டும்தான் அது உதவும் என்று எண்ண வேண்டாம். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாடகை பாக்கி மாதக்கணக்கில் நிற்கிற தொழிலில் இது கையில் இருப்பது நல்லது.

சேசிஸ், பாடி, பதிவு

கம்பெனியே பாடி கட்டித் தரும் வண்டி என்றால் வேலை எளிது: விற்பனைச் சான்று படிவம் 21, வண்டி சாலைக்கு ஏற்றது எனக் கம்பெனி தரும் சான்று படிவம் 22, பதிவு விண்ணப்பம் படிவம் 20, கடன் இருந்தால் படிவம் 34, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று. முழுதாகக் கட்டி வரும் புதிய வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து இரண்டு வருடம் எஃப்.சி. இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

சேசிஸ் (பாடி இல்லாத அடிச்சட்டம்) வாங்கி நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டுவதில்தான் சிக்கல் வருகிறது. இங்கே படிவம் 22-க்குப் பதில் 22ஏ. முதல் பகுதியை சேசிஸ் கம்பெனி தரும், இரண்டாம் பகுதியை பாடி கட்டியவர் தர வேண்டும். அந்தப் பட்டறைக்கு அங்கீகாரம் இல்லையென்றால் இரண்டாம் பகுதி செல்லாது, வண்டி ரெடியாகியும் பதிவாகாமல் நிற்கும், கடன் தவணையான டியூ மட்டும் ஓடும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே அங்கீகாரச் சான்றின் நகலைக் கேளுங்கள். தற்காலிகப் பதிவின் கடைசித் தேதியைப் பட்டறைக்காரரிடம் எழுதிக் கொடுத்து, வேலை இழுத்தால் தேதி முடியும் முன்பே நீட்டிப்பு வாங்குங்கள்.

பாடி அளவில் இரண்டு எண்கள் முக்கியம். மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி வீல்பேஸில் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பஞ்சு, வைக்கோல் போன்ற லோடுக்காக “கொஞ்சம்” கூட்டிக் கட்டிய பாடி பிரேக் இன்ஸ்பெக்டரின் டேப்புக்குத் தப்பாது, பிறகு வெட்டி மறுபடி வெல்டிங் செய்ய வேண்டியதுதான்.

பர்மிட்

ஆர்.சி. வந்ததும் பர்மிட். மாநிலத்துக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் தமிழ்நாடு பர்மிட் போதும், ஐந்து வருடம் செல்லும். வெளிமாநிலம் போவதென்றால் அதன் மேல் நேஷனல் பர்மிட் அங்கீகாரம் வேண்டும். வருடத்துக்கு ₹16,500 கூட்டுக் கட்டணம், அதோடு அங்கீகாரக் கட்டணம் ₹1,000. இரண்டையும் அரசின் பரிவாகன் தளத்தில் கட்டலாம். பர்மிட் ஐந்து வருடம், அங்கீகாரம் ஒரே வருடம்: இந்த வித்தியாசத்தை மறந்துதான் பல வண்டிகள் ஓசூர் தாண்டி மாட்டிக்கொள்கின்றன. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் அபராதம் ₹10,000, வண்டியும் நிறுத்தப்படலாம்.

நேஷனல் பர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு. இரண்டு அச்சு வண்டிக்கு 12 வருடம், டாரஸ் போன்ற பல அச்சு வண்டிக்கு 15 வருடம். பழைய ஆறு சக்கர வண்டியைக் கடனில் வாங்குபவர் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 9 வருட வண்டிக்கு 5 வருடக் கடன் போட்டால், கடைசி இரண்டு வருட டியூவை மாநிலத்துக்குள் ஓட்டித்தான் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு விதி பலருக்குத் தெரிவதில்லை. நேஷனல் பர்மிட் வண்டி வேறொரு மாநிலத்தில் ஏற்றி அதே மாநிலத்துக்குள் இறக்கக் கூடாது. நாமக்கல் வண்டி புனேயில் இறக்கிவிட்டு, அங்கிருந்து நாக்பூருக்கு லோடு எடுப்பது விதிமீறல். புரோக்கர் அழைப்பார், அவருக்குக் கமிஷன் கிடைக்கும், அபராதம் வருவது உங்கள் ஆர்.சி.க்கு.

எஃப்.சி.

எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும். தானியங்கிச் சோதனை நிலையம் வந்துவிட்ட இடங்களில் இயந்திரமே பிரேக்கையும் புகையையும் அளக்கிறது. வண்டியை எடுத்துப் போகும் முன் பார்க்க வேண்டியவை: வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சீல் உடையாமல் 80 கிலோமீட்டரில் நிற்கிறதா, ஒளிரும் ஸ்டிக்கர் அங்கீகரிக்கப்பட்டதா, அதன் சான்றிதழ் உண்டா, பின்பக்கமும் பக்கவாட்டிலும் உள்ள தடுப்புக் கம்பிகள் நேராக இருக்கின்றனவா, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்கிறதா, பிரஷர் ஹாரன் கழற்றப்பட்டதா. பின் தடுப்புக் கம்பியை லோடு இறக்க இடைஞ்சல் என்று அறுத்து எடுத்துவிடுகிறார்கள். பின்னால் வரும் கார் லாரிக்கு அடியில் புகாமல் காப்பது அந்தக் கம்பி ஒன்றுதான். அதைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

காலாண்டு வரி பாக்கியோ, கட்டாத இ-சலானோ இருந்தால் எஃப்.சி. விண்ணப்பமே நகராமல் போகலாம். ஒரு மாதம் முன்பே வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ்

மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது, ஏஜென்ட் குறைக்க முடியாது. 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி 7,500 கிலோ வரை ₹16,049, 12,000 முதல் 20,000 கிலோ வரை ₹35,313, 20,000 முதல் 40,000 வரை ₹43,950, வரி தனி. குறைத்துத் தருகிறேன் என்பவர் வண்டிச் சேதப் பகுதியில்தான் கை வைப்பார்.

பாலிசியில் ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத சரக்கு வண்டிக்கு டயர், விளக்கு, மட்கார்டு, பம்பர், பெயின்ட் போன்றவை மட்டும் சேதமானால் பணம் கிடைக்காது. சேதப் பிரீமியத்தில் 15 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். டிரைவர், கிளீனர் இருவருக்கும் பொறுப்புக் காப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். அவர்கள் குடும்பத்தின் நிலை அந்த ஒரு வரியைப் பொறுத்திருக்கிறது.

எல்.ஆர். புத்தகம் அச்சடிக்கும் முன்

ஜி.எஸ்.டி.யில் எல்லாம் ஒரு கேள்வியைச் சுற்றியே வருகிறது: எல்.ஆர். (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான ரசீது) யார் பெயரில்? லாரியை டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு வாடகைக்கு விட்டு, அவர்கள் எல்.ஆர். போட்டால், உங்கள் வாடகைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு. உங்கள் பெயரில் எல்.ஆர். போட்டால் நீங்கள் சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி. அப்போது கம்பெனி, பார்ட்னர்ஷிப், ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி போன்றவர்கள் 5 சதவீத வரியைத் தாங்களே கட்டுவார்கள். அப்படிப்பட்ட வேலை மட்டுமே செய்தால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. நீங்களே வரி வசூலிப்பதென்றால் உள்ளீட்டு வரி (தொழிலுக்கு வாங்கியவற்றில் கட்டிய வரியின் கழிவு) எடுக்காமல் 5 சதவீதம், எடுத்துக்கொண்டால் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். டீசலுக்கு உள்ளீட்டு வரியே கிடையாது என்பதால், ஒரு வண்டிக்காரருக்கு 18 பெரும்பாலும் ஒத்துவராது.

பலரிடம் சரக்கு வாங்கிச் சேர்த்து, ரசீது கொடுத்து அனுப்பும் புக்கிங் ஆபீஸ் திறந்தால், 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். பத்து வருடம் செல்லும்.

வருமான வரியில், வருடத்தின் எந்த நாளிலும் பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் உத்தேச வருமானம் காட்டலாம். பழைய சட்டத்தில் 44ஏஇ என்று பழகிய பிரிவு. 12,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் ₹1,000, மற்றவைக்கு வண்டிக்கு மாதம் ₹7,500. 18.5 டன் லாரி வருடம் முழுதும் இருந்தால் ₹2,22,000. மாதத்தில் ஒரு நாள் வைத்திருந்தாலும் முழு மாதம்தான், வண்டி பட்டறையில் நின்றாலும் கணக்கு ஓடும். இதே பத்து வண்டி வரம்புக்குள் இருப்பவர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் பழைய உறுதிமொழித் தாளை நகலெடுத்துக் கொடுக்காதீர்கள்.

லோடு ஏற்றும் நாள்

மாநிலம் விட்டு மாநிலம் ₹50,000-க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ₹1 லட்சத்துக்கு மேலும் உள்ள சரக்குக்கு இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. சென்னையிலிருந்து மும்பைக்குச் சுமார் 1,330 கிலோமீட்டர் என்றால் ஏழு நாள். வழியில் வண்டி பழுதானால், காலம் முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். டிரைவர் தூங்கி எழுவதற்குள் அந்த நேரம் போய்விடும், ஆகவே முதலாளி தன் போனிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. லோடு வேறு வண்டிக்கு மாறினால், இ-வே பில்லில் வண்டி எண் எழுதும் ‘பகுதி பி’யில் புது எண்ணைப் போட்ட பிறகே கிளம்ப வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரும் டிரான்ஸ்போர்ட்டர் ஐ.டி. வாங்கி இதைச் செய்யலாம்.

எடை மேடைச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன், இரட்டை அச்சுக்கு 21 டன் வரம்பு. மிகை எடைக்கு ₹20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ₹2,000, அத்தோடு அதிகப்படி லோடை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். எடை போடவே மறுத்தால் ₹40,000.

பழைய வண்டி வாங்கினால்

ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விற்றவர் நல்லவர், மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பது இருவருக்குமே ஆபத்து. மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வந்த பிறகே முழுப்பணம் கொடுங்கள். பழைய கடன் முடிந்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் அடமானக் குறிப்பை நீக்கியிருக்க வேண்டும். பர்மிட் வண்டியோடு தானாக வராது, அதற்குத் தனி அனுமதி தேவை. விற்றவரின் பாஸ்டேக்கை அவர் முன்னிலையிலேயே மூடச் சொல்லுங்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்பதால் அது மூடப்படாத வரை உங்கள் பெயரில் புதியது வராது. புதிய டேக் வாங்கும்போது அச்சு எண்ணிக்கைக்கு ஏற்ற வகுப்புதானா என்பதை முதல் டோலுக்கு முன்பே சரிபாருங்கள்.