பழசென்று மயங்காதீர்கள்: பழைய கிட்டார் வாங்குவோர் செய்யும் தவறுகள்

பழைய கிட்டார் தேடுபவர்களிடம் ஒரு பழக்கம் மாறுவதே இல்லை. கிட்டாரைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைத் தடவுவார்கள். வார்னிஷ் பழுப்பேறியிருக்கிறதா, முழங்கை பட்ட இடத்தில் மரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு ஜி கார்டு அடித்துவிட்டு "சவுண்டைப் பாருங்க!" என்பார்கள். அதற்குள் மனசுக்குள் விலை படிந்திருக்கும். கிட்டாரைப் பக்கவாட்டில் திருப்பி, கழுத்து உடலோடு சேரும் கோணத்தைப் பார்ப்பவர் அபூர்வம். பணம் போவதென்னவோ அந்த இடத்தில்தான்.

துருப்பிடித்த தந்தி, இறுகிப்போன ட்யூனர் (தந்தி முறுக்கும் திருகு), பிரிட்ஜில் (மேல்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) தொலைந்த பின் போன்ற சில்லறைக் கோளாறுகளை இங்கே விட்டுவிடுகிறோம். அரை நாளில், கொஞ்சக் காசில் தீர்பவை அவை.

வயசு வேறு, தரம் வேறு

பழைய கிட்டாரின் கவர்ச்சி வெறும் கற்பனையல்ல. ஸ்ப்ரூஸ் மர மேல்பலகையில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் பல பத்தாண்டுகளில் மெல்லச் சிதைகிறது. அதனால் மரம் சற்று இலகுவாகிறது, காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதும் குறைகிறது. இதே மாற்றத்தை விரைவாகக் கொண்டுவரத்தான் யமஹா, மார்ட்டின் போன்ற நிறுவனங்கள் புது மரத்தைச் சூளையில் வாட்டியெடுக்கின்றன. மற்றொன்று கைக்குத் தெரிவது: வருஷக்கணக்கில் வாசித்த கழுத்தின் ஓரங்கள் மழுங்கி, உள்ளங்கையில் உறுத்தாமல் உட்காரும். புதுக் கிட்டாரில் இதற்குத் தனிக் காசு கேட்பார்கள்.

ஆனால் 'பழசு என்றாலே நல்லது' என்பதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. அந்தக் காலத்து மோசமான கிட்டார்கள் எப்போதோ உடைந்து குப்பைக்குப் போய்விட்டன. இன்று நம் கையில் கிடைப்பவை யாரோ நேசித்துக் காப்பாற்றியவை. அவற்றை மட்டும் பார்த்து அந்தக் காலத்தையே அளக்க முடியாது.

1970களின் கிப்சன் அகூஸ்டிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971 வாக்கில், உத்தரவாதத்தின் பேரில் பழுதுக்குத் திரும்பி வருவதைக் குறைக்க, மேல்பலகைக்கு அடியில் இரட்டை எக்ஸ் பட்டைகளைக் கொடுத்தார்கள். பலகை உப்பவில்லை. ஒலியும் எழவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியும் அந்தக் கிட்டார்கள் திறந்து பாடாததற்குக் காரணம் அந்தப் பட்டைகள்தான். இதற்கு நேரெதிர் யமஹா எஃப்ஜி-180. 1966இல் வந்த, உள்ளே சிவப்பு லேபிள் ஒட்டிய ஜப்பான் கிட்டார். அதன் மேல்பலகை ப்ளைவுட். ஆனாலும் இன்றுவரை தேடி வாங்குகிறார்கள், ஒலியும் நன்றாகவே இருக்கிறது. அதை "அறுபது வருஷம் பழுத்த மரம்" என்று விற்பது மட்டும் சரியல்ல. ப்ளைவுட் அப்படிப் பழுக்காது.

வயலின்காரர்களுக்கும் இதே மயக்கம் உண்டு. 2010இல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களுக்குக் கண்ணை மறைக்கும் கண்ணாடி மாட்டி, ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதியவற்றையும் வாசிக்கக் கொடுத்தார்கள். கையிலிருப்பது பழசா புதுசா என்று பெரும்பாலானோரால் சொல்ல முடியவில்லை. எடுத்துப்போகச் சொன்னால் புதிதையே கேட்டவர்கள்தான் அதிகம்.

"ஒரு செட்டப் போட்டா சரியாயிடும்"

பழைய கிட்டார் விற்பவர் வாயிலிருந்து வரும் மிக விலையுயர்ந்த வாக்கியம் இதுதான். செட்டப் என்றால் தந்தி உயரத்தையும் கழுத்தின் வளைவையும் சரிசெய்யும் வேலை. எத்தனை முறை எச்சரித்தாலும் புதிதாக வருபவர்கள் இதை நம்பிப் பணத்தை எண்ணிவைக்கிறார்கள்.

நடப்பது இதுதான். 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தி நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது, அழுத்தினால் விரல் வலிக்கிறது. அகூஸ்டிக் கிட்டாரில் அந்த இடத்தில் தடித்த ஈ தந்திக்கு 2.4 மி.மீ., மெல்லிய ஈ தந்திக்கு 1.8 மி.மீ. சுற்றி இருந்தால் சுகம். வாங்கியவர் வீட்டுக்கு வந்து ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, ஆலன் கீயை எடுத்து ட்ரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியை, திருகுகிறார்.

ட்ரஸ் ராட் ஆக்‌ஷனைக் (அதாவது தந்தி நிற்கும் உயரத்தை) குறைக்கும் கருவி அல்ல. கழுத்தில் இருக்க வேண்டிய மெல்லிய வளைவைச் சரிசெய்வது மட்டும்தான் அதன் வேலை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுங்கள். கழுத்து உடலைத் தொடும் 14ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியை அழுத்துங்கள். ஏழாம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே 0.1 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். டூவீலர் மெக்கானிக் டேப்பட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜே இதற்குப் போதும். இந்த அளவு சரியாக இருந்தால் ட்ரஸ் ராடுக்கு இனி வேலை இல்லை. அதையும் மீறி இறுக்கினால் கழுத்து பின்பக்கம் வளையும், முதல் ஐந்து ஃப்ரெட்டில் தந்தி இரையும். 12இல் உயரம் கொஞ்சம்தான் இறங்கும். துருப்பிடித்த பழைய ராடாக இருந்தால் நட் மரை கழன்றுவிடும், அல்லது ராடே முறியும். எந்த நிலையிலும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. இறுகி நின்றால் கையை எடுத்துவிடுங்கள். (1985க்கு முந்தைய மார்ட்டினில் திருகக்கூடிய ராடே கிடையாது. இல்லாத துளையைத் தேடி டார்ச் அடிப்பவர்களும் உண்டு.)

ராட் கைகொடுக்கவில்லை என்றதும் அடுத்து சேடிலை (பிரிட்ஜின்மேல் தந்திகள் சாயும் மெல்லிய துண்டு) எடுத்து உப்புத்தாளில் தேய்ப்பார்கள். 12ஆம் ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி என்பதால் அங்கே 1 மி.மீ. இறங்க சேடிலில் 2 மி.மீ. போக வேண்டும். பிரிட்ஜுக்கு மேலே சேடில் தெரிவதே சுமார் 3 மி.மீ.தான். இரண்டைத் தேய்த்தால் மிஞ்சுவது ஒன்று. தந்தி சேடில்மேல் மடங்கும் கோணம் போய்விடும், அழுத்தம் குறையும், சத்தம் அமுங்கும். "பழைய கிட்டாரின் மென்மையான ஒலி" என்று அதையும் ரசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதுவும் போதாதபோது மூன்றாவது படி: பிரிட்ஜையே சீவுவது. இதற்குப் பிறகு அடுத்து வருபவர் புது பிரிட்ஜும் செய்து போட வேண்டும்.

உண்மையான கோளாறு வேறிடத்தில். 0.012 செட் (மெல்லிய தந்தியின் தடிமன் 0.012 அங்குலம்) போட்டு ட்யூன் செய்த அகூஸ்டிக்கில் ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, இரவும் பகலும், நாற்பது ஐம்பது வருஷமாக. மேல்பலகை மெல்ல உப்புகிறது, உடலின் மேல்பாகம் உள்ளே சாய்கிறது, கழுத்தின் கோணம் முன்னோக்கி விழுகிறது. கழுத்து நேராகவே இருக்கும். அது நிற்கும் கோணம்தான் தப்பு. இதற்கு ஒரே மருந்து நெக் ரீசெட். 15ஆம் ஃப்ரெட்டைப் பிடுங்கி, அதன் அடியில் சிறு துளையிட்டு, நீராவியோ சூடான ஊசியோ செலுத்திப் பசையை இளக்கிக் கழுத்தைக் கழற்றுவார்கள். அடிப்பகுதியை மில்லிமீட்டர் கணக்கில் சீவி, புதுக் கோணத்தில் திரும்ப ஒட்டுவார்கள். பல சமயம் புது ஃப்ரெட்டும் சேடிலும் கூடவே வரும். அமெரிக்காவில் இதற்குச் சில நூறு டாலர் கூலி. நம் ஊரில் நம்பி ஒப்படைக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. ஐயாயிரம் ரூபாய்க் கிட்டாருக்கு இந்த வேலை கட்டவே கட்டாது. நல்ல மார்ட்டினுக்கு நிச்சயம் கட்டும், அந்தக் கூலியை விலையில் கழித்திருந்தால்.

சோதிக்க இரண்டு நிமிஷம் போதும். 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தந்திகள் சுருதியில் இருக்கட்டும், முதலில் கழுத்தின் வளைவு சரியா என்று பாருங்கள். பிறகு மூன்றாம், நான்காம் தந்திகளுக்கு நடுவே ஃப்ரெட்டுகள்மேல் ஸ்கேலைப் படுக்கவைத்து பிரிட்ஜை நோக்கித் தள்ளுங்கள். முனை பிரிட்ஜின் மேல்மட்டத்தை உரசிக்கொண்டு போனால் கோணம் சரி. மேல்மட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. கீழே பிரிட்ஜின் முன்முகத்தில் இடித்தால் ரீசெட் நெருங்கிவிட்டது.

இங்கேயும் ஏமாறலாம். முன்பே யாராவது பிரிட்ஜைச் சீவியிருந்தால் ஸ்கேல் அழகாக மேலே ஏறிவிடும். ஆகவே பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் மேல்பலகையிலிருந்து தந்தி எவ்வளவு உயரத்தில் போகிறது என்றும் அளக்க வேண்டும். 12, 13 மி.மீ. நல்லது. பத்துக்குக் கீழே என்றால் சீவிய கைவேலை. கடைசியாக, கழுத்தின் அடிக்கும் உடலுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் மூட்டே பசை விட்டிருக்கிறது.

ஃபெவிக்விக்

கூடாது. எங்கேயும்.

புதுசாக்கிப் பார்க்கும் ஆசை

தேய்ந்த வார்னிஷைச் சுரண்டிப் பளபளவென்று புதுப் பூச்சு அடித்தால் பழைய கிட்டாரின் சந்தை விலை ஏறக்குறைய பாதியாகும். பழைய நைட்ரோ லாக்கர் பூச்சு மிக மெல்லியது. அதன்மேல் தடித்த பாலியூரித்தேன் ஏற்றினால் மேல்பலகைக்குக் கம்பளி போர்த்திய கதைதான். சிலிகான் கலந்த பாலிஷும் வேண்டாம். அது விரிசல் வழியே மரத்துக்குள் இறங்கிவிட்டால் பின்னாளில் பசையும் பிடிக்காது, பூச்சும் நிற்காது. லேசாக ஈரமாக்கிய பருத்தித் துணி போதும்.

ட்யூனரோ பிரிட்ஜோ மாற்ற நேர்ந்தால் கழற்றியதைத் தூக்கிப் போடாமல் பெட்டியிலேயே வைத்திருங்கள். விற்கும் நாளில் அதற்கும் விலை உண்டு.

உடைந்து ஒட்டிய தலை

கிப்சன் கிட்டாரின் தலை பெரும்பாலும் 17 பாகை பின்சாய்ந்திருக்கும். ட்ரஸ் ராடின் நட்டுக்காக அந்த இடத்திலேயே மரத்தைக் குடைந்திருப்பார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒரு முறை சாய்ந்து விழுந்தால் போதும், அங்கேதான் பிளக்கும். நன்றாக ஒட்டியிருந்தால் வாசிக்க ஒரு குறையும் இல்லை, விலை மட்டும் பாதிக்குப் பக்கம் இறங்கும். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் தலையின் பின்புறம் பாருங்கள். கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் நட் பட்டைக்குப் பின்னால் மெல்லிய கோடு தெரிந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் நிறம் அடர்ந்திருந்தாலோ கதை புரிந்துவிடும். வாசிப்பதற்காக மட்டும் வாங்குபவருக்கு இது நல்ல பேரம். மறைத்து விற்றால்தான் மோசடி.

தேய்மானத்துக்கு விலை கொடுப்பது

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் 'ட்ரிக்கர்' என்ற மார்ட்டின் என்-20 கிட்டாரில் ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது நைலான் தந்தி கிட்டார். விரலால் வாசிக்கச் செய்ததால், பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) உரசாமல் மரத்தைக் காக்கும் பிக்கார்டு கிடையாது. அவர் 1969 முதல் அதில் பிக்கால் அடித்து மரத்தையே துளைத்துவிட்டார். கிட்டார் நன்றாகப் பாடுவது அந்த ஓட்டையால் அல்ல. ஆஸ்டினில் இருக்கும் மார்க் எர்லவைன் பல்லாண்டுகளாக உள்பட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பழுது நீக்குவதால் அது இன்னும் நிற்கிறது.

உண்மையான தேய்மானம் கை போன இடத்தில்தான் இருக்கும்: முதல் மூன்று ஃப்ரெட், முழங்கை படும் விளிம்பு, கட்டைவிரல் ஓடும் கழுத்தின் பின்புறம். உடம்பெல்லாம் தேய்ந்து, ஃப்ரெட் மட்டும் புதிதாக இருந்தால் கேள்வி கேளுங்கள். புது ஃப்ரெட் போட்டிருக்கலாம், ஆலையிலேயே தேய்த்து விற்றதாகவும் இருக்கலாம். ஃபெண்டர் 1995இலிருந்தே 'ரெலிக்' என்ற பெயரில் அப்படி விற்கிறது. வெளிப்படையாகச் சொல்லி விற்பதால் அதில் தப்பில்லை. மூன்றாவது கை மாறும்போது அந்தப் பெயர் காணாமல் போய்விடும்.

சீரியல் நம்பர்

மார்ட்டினில் நம்பலாம், 1898இலிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது. 1960களின் கிப்சனில் ஒரே எண் பல வருஷங்களில் திரும்ப வரும், எனவே நம்பாதீர்கள். எலக்ட்ரிக் கிட்டார் என்றால் உள்ளே வால்யூம் 'பாட்'டின் (ஒலியளவுக் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்பாகம்) முதுகைப் பாருங்கள். 1376522 என்றிருந்தால் சிடிஎஸ் நிறுவனம் 1965இன் 22ஆம் வாரத்தில் செய்த பாட். கிட்டார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, அந்தப் பாகத்தை யாரும் மாற்றாதவரை.

நைலான் கிட்டாருக்கு ஸ்டீல் தந்தி

நைலான் செட் இழுப்பது 40 கிலோ அளவு. ஸ்டீல் 70க்கு மேல். பிரிட்ஜ் பெயர்ந்து வந்தபின் வருந்திப் பயனில்லை.

ஊர் மாறினால் மரமும் மாறும்

அகூஸ்டிக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. சென்னையில் அது பெரும்பாலும் 70க்கு மேல். வறண்ட ஊரிலிருந்து வந்த பழைய கிட்டார் இங்கே சில வாரங்களில் உப்பி, ஆக்‌ஷன் தானாக உயரும். வந்த அன்றே செட்டப் செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கடைக்காரரைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. கிட்டாரைப் பெட்டிக்குள் ஈரப்பதமானியோடு வைத்து, மூன்று நான்கு வாரம் பொறுத்து அளவெடுங்கள். பெட்டிக்குள் இருபுறமும் வேலை செய்யும் 49 சதவீத ஈரப்பதப் பை போட்டால் நல்லது. சிலிகா ஜெல்லை அள்ளிக் கொட்டி நினைத்தபோது எடுப்பதைவிட அது மேல்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் பழைய கிட்டாரை விடவே கூடாது. பழைய கிட்டார்களின் மூட்டுகளை ஒட்டிய தோல்பசை 60 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் இளக ஆரம்பிக்கும். தந்தி முறுக்கோடு இருந்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

காகிதம் இல்லாத மரம்

1969 வரை மார்ட்டின் டி-28இன் முதுகும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட். அதன்பின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி வகைக்கு மாறினார்கள். பிரேசில் மரம் 1992இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு தாண்டினால் சுங்கத்தில் பறிபோகலாம். ஈட்டி 2017இல் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து டி-28 வரவழைப்பவர்கள் முதலில் ஆண்டைக் கேளுங்கள்.

ஸ்டாண்டு

ரப்பர் வைத்த மலிவு ஸ்டாண்டில் நைட்ரோ பூச்சுக் கிட்டாரை நிறுத்தினால், ரப்பர் பட்ட இடத்தில் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். வினைல் ஸ்ட்ராப்பும் அதே வேலையைச் செய்யும். பருத்தித் துணியைச் சுற்றிவிட்டு நிறுத்துங்கள், அல்லது பெட்டியில் வையுங்கள்.